சிறுநீர்ச் சோதனையும் மலைப்பாதையும்: தமிழகத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதலின் வரலாற்றை ஜவ்வாது மலையை முன்வைத்து ஆராய்தல்

ஆய்வுச்சுருக்கம்

கருப்பைவாய்ப் புற்றுநோயையும் அதற்கு முந்தைய நிலைத் திசு மாற்றங்களையும் உடலுக்குள் கருவி செலுத்தாமல், சிறுநீரில் காணப்படும் தடயங்களைக் கொண்டு கண்டறியும் முயற்சிகள் கடந்த சில பத்தாண்டுகளில் விரிவடைந்துள்ளன. பெண்ணின் கூச்சத்தையும் அச்சத்தையும் விலக்கும் இம்முறை மலைப்பகுதிகளுக்கு மிகவும் ஏற்றது என்ற கருத்து நிலவுகிறது. தமிழகத்தில் இந்நோயின் முன்கண்டறிதல் கடந்துவந்த கட்டங்களை ஆராயும் இக்கட்டுரை, அக்கருத்து பாதியளவே சரியானது என நிறுவ முயல்கிறது. ஒவ்வொரு புதிய முறையும் மாதிரி பெறும் படியை எளிதாக்கியது. ஆனால் உயிரைக் காத்தது சோதனை, உறுதிப்படுத்தல், சிகிச்சை, பதிவு ஆகிய நான்கும் தொடர்பறாமல் இயங்கிய அமைப்பே என்பதைத் திண்டுக்கல் மாவட்ட ஆய்வு காட்டுகிறது. அந்தப் படிப்பினையை ஜவ்வாது மலையின் சூழலில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிச்சொற்கள்: கருப்பைவாய்ப் புற்றுநோய், முன்கண்டறிதல், சிறுநீர்ச் சோதனை, நீர்க்குறி, திண்டுக்கல் ஆய்வு, ஜவ்வாது மலை.

முன்னுரை

இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்து மிகுதியாகக் காணப்படுவது கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஏறத்தாழ 80,000 பேர் இறக்கின்றனர். ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் எனப்படும் எச்.பி.வி. தொற்று நீங்காமல் நிலைத்துவிடும்போது இந்நோய் உருவாகிறது. தொற்றுக்கும் முற்றிய புற்றுக்கும் இடையே பெரும்பாலும் பத்தாண்டுக்கும் மேற்பட்ட கால இடைவெளி உண்டு. இந்த நீண்ட இடைவெளியில் திசு மாற்றத்தைக் கண்டு நீக்கிவிட்டால் புற்றுநோய் தோன்றுவதையே தடுக்கலாம். தடுக்கக்கூடிய நோயில் இத்தனை பேர் இறப்பதே இதனை மருத்துவச் சிக்கலாக மட்டுமன்றிச் சமூக வரலாற்றுச் சிக்கலாகவும் ஆக்குகிறது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காட்டினர் என்கிறது. தமிழ்நாட்டில் இது 9.8 விழுக்காடு, மாநிலங்களுள் இதுவே உயர்ந்த அளவாகும். உயர்ந்த அளவிலும் பத்துப் பெண்களுள் ஒன்பது பேர் விடுபட்டுள்ளனர் என்பதே இதன் பொருள். விடுபட்டவர்களை எட்டுவதற்கு எளிய வழி எது என்ற கேள்வியிலிருந்துதான் சிறுநீர்ச் சோதனை பற்றிய ஆர்வம் பிறக்கிறது.

தொடாமல் நோயறிதல்

சிறுநீரைக் கொண்டு நோயறிவது தமிழ் மருத்துவ மரபுக்குப் புதியதன்று. நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வு சித்த மருத்துவத்தின் அடிப்படையாகும். இவற்றுள் மூத்திரத் தேர்வு நீர்க்குறி, நெய்க்குறி என இருவகைப்படும். நீர்க்குறியில் சிறுநீரின் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் ஆகியவை நோக்கப்படுகின்றன. நெய்க்குறியில் காலையில் முதலில் கழிக்கப்பட்ட சிறுநீரின்மீது ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, அத்துளி பரவும் வடிவத்தைக் கொண்டு வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நிலை கணிக்கப்படுகிறது. இம்முறைகளை விரித்துரைக்கும் நூல் தேரையர் பெயரால் வழங்குகிறது.

இம்மரபைத் தற்காலப் புற்றுநோய்ச் சோதனையின் முன்னோடி எனக் கொள்வது வரலாற்றுப் பிழையாகும். நெய்க்குறி நோக்கியது முக்குற்றங்களின் சமநிலையை; ஓர் உறுப்பின் திசுவில் நிகழும் மாற்றத்தை அன்று. எனினும் இம்மரபு உணர்த்தும் சமூகச் செய்தி ஒன்று உண்டு. நோயாளியின் உடலைத் திறந்து காணாமல், உடலிலிருந்து தானே வெளிப்படும் ஒன்றைக் கொண்டு நோயறிவது இச்சமூகத்தில் இயல்பாக ஏற்கப்பட்டிருந்தது. கருப்பைவாயைக் கண்ணால் கண்டு சோதிக்கும் நவீன முறைக்குத் தமிழகப் பெண்களிடையே அத்தகைய எளிதான ஏற்பு கிடைக்கவில்லை.

யார் காண்பது என்ற சிக்கல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதைவிட இறப்பதே மேல் எனக் கருதிய குடும்பங்கள் பல இருந்தன. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்ற மேரி ஷார்லீப், 1885இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை அமைய வழிசெய்தார். மக்கள் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆகும். திரைக்குள் வாழ்ந்த பெண்களும் வந்து சேரக்கூடிய இடம் என்பதையே அப்பெயர் குறித்தது.

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், ஆண் மருத்துவரை ஏற்கக் குடும்பத்தார் மறுத்ததால், பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், மருத்துவம் பயில அமெரிக்கா சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தியாகும். 1900இல் வேலூரில் அவர் தொடங்கிய சிறு மருந்தகம் 1902இல் மருத்துவமனையாக வளர்ந்தது. 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. நோயாளிகள் வர இயலாத ஊர்களுக்கு மருத்துவரே வண்டியில் சென்று சாலையோரத்தில் மருத்துவம் பார்க்கும் முறையையும் அவர் நடைமுறைப்படுத்தினார்.

இவ்விரு முயற்சிகளும் இருவேறு தடைகளை அடையாளம் கண்டன. ஒன்று, சோதிப்பவர் ஆண் என்பதால் எழும் தடை. மற்றொன்று, மருத்துவமனை தொலைவில் உள்ளது என்பதால் எழும் தடை. பின்வந்த நூறாண்டில் முதல் தடையைப் பற்றியே மிகுதியாகப் பேசப்பட்டது. இரண்டாவது தடை சாலைகளும் பேருந்துகளும் பெருகினால் தானே நீங்கிவிடும் எனக் கருதப்பட்டது. மலைப்பகுதிகளில் அக்கருத்து பொருந்தவில்லை.

அடையாறும் பதிவேடும்

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்தவர். அந்த இழப்பு அவரைப் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்துக்கு இட்டுச்சென்றது. 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இல் 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது. அவருடைய மகன் சு. கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் இணைந்த வி. சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர்.

இந்நிறுவனத்தின் வரலாற்றில் சிகிச்சைக்கு இணையான முக்கியத்துவம் உடையது பதிவேட்டுப் பணியாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின்கீழ் 1982இல் சென்னைப் பெருநகரப் பதிவேடு இங்குத் தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளை மட்டும் எண்ணாமல், ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் வாழும் மக்கள் அனைவருள்ளும் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்வது இதன் முறை. அப்போது சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்வந்த முப்பதாண்டுகளில் அதன் விகிதம் பாதிக்கும் கீழே சென்றது. மார்பகப் புற்றுநோய் முதலிடத்தைப் பிடித்தது.

இந்த வீழ்ச்சி நகரம் முழுவதற்குமான முறைப்படுத்திய பரிசோதனைத் திட்டம் ஒன்றால் விளைந்ததன்று. திருமண வயது உயர்ந்தமை, பிள்ளைப்பேறு குறைந்தமை, கல்வி, தூய்மை வசதிகள், மருத்துவ வசதி ஆகியன அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. வாழ்நிலை மேம்பட்டால் நோய் குறைகிறது என்றால், வாழ்நிலை மெதுவாக மாறும் பகுதிகளில் நோய் நெடுங்காலம் தங்கும் என்பதும் அதனுள் அடங்கிய உண்மையாகும்.

பாப் ஸ்மியரின் எல்லை

கருப்பைவாயிலிருந்து உயிரணுக்களைச் சுரண்டியெடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காணும் முறையை ஜார்ஜ் பாப்பனிகோலோ 1928இல் முதலில் அறிவித்தார். ஹெர்பர்ட் டிராட்டுடன் இணைந்து 1941இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே அது பரவலாயிற்று. மேலைநாடுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு பெருமளவு குறைந்தமைக்கு இம்முறையே முதன்மைக் காரணமாகும்.

தமிழகத்தின் மருத்துவக் கல்லூரிகளிலும் பெருநகர மருத்துவமனைகளிலும் இச்சோதனை இடம்பெற்றது. ஆனால் ஊரகங்களுக்கு அது செல்லவில்லை. மாதிரி எடுக்கப் பயிற்சி பெற்றவர், சாயமேற்ற ஆய்வகம், கண்ணாடித் தகட்டைப் படிக்க உயிரணுவியல் வல்லுநர், முடிவு வந்தபின் அப்பெண்ணை மீண்டும் அழைத்துவர ஓர் ஏற்பாடு என இம்முறை ஒரு நீண்ட வரிசையை வேண்டியது. முடிவைப் பெற இரண்டாம் முறை வரவேண்டும் என்ற ஒன்றே கூலிவேலை செய்யும் பெண்ணை விலக்கப் போதுமானதாக இருந்தது.

கண்டறிந்தும் சிகிச்சை அளிக்காத நிலை அறத்தின்பாற்பட்ட கேள்வியாகவும் எழுந்தது. டெல்லியில் 1976 முதல் 1988 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் திசு மாற்றங்கள் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டன என்பது 1997இல் வெளிப்பட்டுக் கடும் விவாதத்தை உண்டாக்கியது. நோயின் தடத்தை அறிவதும் நோயாளியைக் காப்பதும் ஒன்றல்ல என்பதை அந்நிகழ்வு மருத்துவ உலகுக்கு உணர்த்தியது.

திண்டுக்கல் ஆய்வு

ஆய்வகத்தை நம்பாத முறை ஒன்றைத் தேடியதன் விளைவே அசிட்டிக் அமிலப் பார்வைச் சோதனை ஆகும். 3 முதல் 5 விழுக்காடு வரை நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாற்றமடைந்த திசு வெண்மையாகத் தெரியும். வெறும் கண்ணால் காணலாம், முடிவை அங்கேயே கூறலாம், செவிலியரே செய்யலாம்.

இம்முறை உயிர் காக்கிறதா என்பதை அறியும் பெரிய ஆய்வு திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த ஆர். சங்கரநாராயணன் தலைமையில், ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் இயங்கும் கிறித்தவ ஐக்கிய சமுதாய நல மையமும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் இதில் பங்கேற்றன. 114 ஊரகக் கொத்துகள் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 கொத்துகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒருமுறை பார்வைச் சோதனை அளிக்கப்பட்டது. எஞ்சிய 57 கொத்துகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது.

ஆய்வின் முடிவு 2007இல் லான்செட் இதழில் வெளிவந்தது. சோதனைக்குத் தகுதியுடைய 49,311 பெண்களுள் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காட்டினர், சோதனை செய்துகொண்டனர். அவர்களுள் 3,088 பேருக்கு, அதாவது 9.9 விழுக்காட்டினருக்கு, ஐயத்துக்குரிய வெண்மாற்றம் காணப்பட்டது. அவர்களுள் 3,052 பேருக்குப் பெரிதாக்கிக் காணும் கால்போஸ்கோப்பி சோதனை செய்யப்பட்டது. புற்றுக்கு முந்தைய மாற்றம் 1,874 பெண்களிடம் கண்டறியப்பட்டது. அவர்களுள் 72 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றனர். ஒப்பீட்டுக் கொத்துகளோடு நோக்கும்போது புற்றுநோய் தோன்றுவது 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

இறுதி விழுக்காடுகளே பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகின்றன. வரலாற்று நோக்கில் இடைப்பட்ட எண்களும் அதே அளவு கவனத்துக்குரியவை. ஐயத்துக்குரியவர்களில் ஏறத்தாழ அனைவரும் கால்போஸ்கோப்பி செய்துகொள்ள முடிந்தது ஏன்? அடுத்த நிலைச் சோதனையும், தேவைப்பட்டால் திசு எடுத்தலும், உறைநிலைச் சிகிச்சையும் பயிற்சி பெற்ற செவிலியரால் அந்த ஊரக முகாமிலேயே அளிக்கப்பட்டன. புற்றுநோய் உறுதியானவர்கள் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர். மாவட்டத்தில் ஏற்கெனவே ஒரு மக்கள்தொகைப் பதிவேடு இருந்ததால் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்பது தவறாமல் பதிவாகியது. வினாகிரியை ஒத்த ஒரு நீர்மம் மட்டும் இந்த விளைவைத் தந்துவிடவில்லை; அதனைச் சூழ்ந்திருந்த அமைப்பே தந்தது.

அமைப்பின் இடைவெளிகளும் அவ்வெண்களிலேயே உள்ளன. அழைக்கப்பட்டோருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் சோதனைக்கு வரவில்லை. மாற்றம் கண்டறியப்பட்டவர்களுள் 28 விழுக்காட்டினர், அதாவது ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள், சிகிச்சை பெறவில்லை. ஒப்பீட்டுக் கொத்துகளில் இருந்த 30,958 பெண்களுக்குச் சோதனை அளிக்கப்படாதது அறத்துக்கு உகந்ததா என்ற விவாதமும் பின்னர் எழுந்தது. அக்காலத்தில் ஊரகங்களில் எவ்விதச் சோதனையும் நடைமுறையில் இல்லை என்பது ஆய்வாளர் தரப்பின் விடை. அந்த விடை ஆய்வாளரைக் காட்டிலும் அரசின் மருத்துவ அமைப்பையே கேள்விக்குள்ளாக்குகிறது.

இதன்பின் தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடி முயற்சி தொடங்கப்பட்டு, பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. மகாராட்டிர மாநிலம் உஸ்மானாபாத்தில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, ஒரே ஒருமுறை செய்யப்படும் எச்.பி.வி. சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் எச்.பி.வி. மரபணுச் சோதனையை முதன்மை முறையாகப் பரிந்துரைத்தது. பெண் தானே மாதிரி எடுத்துத் தரலாம் என்பதையும் ஏற்றது. இந்த இடத்தில்தான் சிறுநீர் மீண்டும் மருத்துவ வரலாற்றுக்குள் வருகிறது.

சிறுநீரில் இருவகைத் தடயங்கள்

சிறுநீர்ச் சோதனை என்ற ஒரே பெயரில் இருவேறு அறிவியல் வழிகள் குறிக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் பேசுவது குழப்பத்துக்கு இடந்தரும்.

முதல் வழி வைரஸின் மரபணுவைத் தேடுவதாகும். கருப்பைவாயிலிருந்து உதிரும் உயிரணுக்களும் சளியும் பிறப்புறுப்பின் வெளிப்புறத்தை அடைகின்றன. சிறுநீர் வெளியேறும்போது அவற்றைக் கழுவிக்கொண்டு வருகிறது. ஆகவே சிறுநீரின் முதற்பகுதியே இச்சோதனைக்கு உரியது. இடைப்பகுதியில் தடயம் குறைவு. 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 14 ஆய்வுகளை ஒப்பிட்டது. கருப்பைவாயில் எச்.பி.வி. இருப்பதைச் சிறுநீரில் கண்டறியும் திறன் 87 விழுக்காடு, இல்லாததை இல்லையெனக் கூறும் திறன் 94 விழுக்காடு என அது கணித்தது. இவ்வெண்கள் தொற்றைக் குறிப்பவை. புற்றுநோயைக் குறிப்பவை அல்ல. தொற்றுடைய பெண்களுள் பெரும்பாலோருக்கு அது தானே நீங்கிவிடும்.

இரண்டாம் வழி வேதிக் குறியீடுகளைத் தேடுவதாகும். புற்றுநோயால் உடலின் வளர்சிதை மாற்றம் மாறுபடும்போது, அம்மாறுபாட்டின் விளைபொருள்கள் சிறுநீரகம் வழியே வெளியேறுகின்றன என்பது இதன் அடிப்படை. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. எலும்பு மச்சைப் புற்றுக்குரிய ஒரு புரதத்தை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1847இல் ஒரு நோயாளியின் சிறுநீரில் ஆராய்ந்தார். புற்றுநோயாளரின் சிறுநீரில் பாலிஅமின்கள் மிகுந்திருப்பதை டயான் ரஸ்ஸல் 1971இல் அறிவித்தார். தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறையைச் சேர்ந்த எஸ். கணேசன் குழுவினர், சிறுநீரின் இயல்பான ஒளிர்வைக் கொண்டு புற்றுநோயாளரையும் நலமுடையோரையும் வேறுபடுத்தும் முயற்சியை 2013இல் வெளியிட்டனர். சிறுநீரில் இயல்பாகவே உள்ள சில வேதிப்பொருள்கள் குறிப்பிட்ட அலைநீள ஒளியைப் பெற்று வேறொரு அலைநீளத்தில் ஒளிர்கின்றன. அவற்றின் அளவு மாறும்போது நிறமாலையும் மாறுகிறது. வினைப்பொருள் மிகுதியாக வேண்டாத, விரைவான முறை என்பது இதன் சிறப்பு.

ஆயினும் இவ்வழி கடக்கவேண்டிய இடர்கள் இரண்டு உள்ளன. முதலாவது, நோய் உறுதியான பெண்களையும் நலமுடைய பெண்களையும் வேறுபடுத்துவது ஒன்று. அறிகுறியற்ற பெண்களிடம் புற்றுக்கு முந்தைய சிறு மாற்றத்தைக் கண்டறிவது மற்றொன்று. முன்கண்டறிதலுக்கு வேண்டியது பின்னது. சில மில்லிமீட்டர் பரப்புள்ள திசு மாற்றம் முழு உடலின் வேதியியலையும் உணரத்தக்க அளவு மாற்றுமா என்பது எளிதில் விடைகூற இயலாத கேள்வி. இரண்டாவது, இக்குறியீடுகள் புற்றுநோய்க்கு மட்டுமே உரியவை அல்ல. நோயெதிர்ப்பு தூண்டப்படும்போது மிகும் நியோப்டெரின், காசநோயிலும் வைரஸ் தொற்றுகளிலும் உயர்கிறது. ஒளிர்வுப் பொருள்களுள் ஒன்றான ரைபோபிளேவின், வைட்டமின் மாத்திரை உட்கொண்டாலே சிறுநீரில் மிகுகிறது. ஊட்டக்குறைவும் தொற்றுகளும் மாத்திரை வழங்கும் திட்டங்களும் ஒருங்கே உள்ள மக்களிடம் இக்குறியீடுகளின் இயல்பளவு எது என்பதை முதலில் நிறுவியாக வேண்டும். நகர மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கொண்டு வகுத்த எல்லைக்கோட்டை மலைவாழ் பெண்களுக்கு அப்படியே பொருத்த இயலாது.

ஜவ்வாது மலையில் எழும் கேள்வி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்துள்ளது. ஜமுனாமரத்தூர் இதன் மையமான ஊர். இங்கு மிகுதியாக வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். தமிழே அவர்களின் மொழி. சாமை விளைவிப்பதும், புளி, தேன், பலா முதலியவற்றைத் திரட்டுவதும், சமவெளிக்கும் பிற மாநிலங்களுக்கும் கூலிவேலைக்குச் செல்வதும் அவர்களின் வாழ்வாதாரங்கள். குடியிருப்புகள் சிறியவை, ஒன்றுக்கொன்று விலகியவை.

இச்சூழலில் சிறுநீர்ச் சோதனையின் பயன் வெளிப்படையானது. சோதனை மேசையும் ஸ்பெகுலம் கருவியும் மறைப்புள்ள அறையும் வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியர் ஒரு குவளையைக் கொடுத்து, அதனைத் திரும்பப் பெற்றால் போதும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடிச் செல்லும் முறையை ஏற்கெனவே பழக்கப்படுத்தியுள்ளது. அந்த வீட்டு வருகையிலேயே இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். திண்டுக்கல்லில் சோதனைக்கு வராத மூன்றிலொரு பங்குப் பெண்களைப் போன்றோரை இம்முறை எட்டக்கூடும்.

ஆனால் சோதனைக்குப் பின் நிகழ்வதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். ஆயிரம் பெண்களுள் பத்துப் பேருக்குச் சிகிச்சை வேண்டிய திசு மாற்றம் உள்ளதெனவும், நோயுள்ளவரைக் கண்டறிவதிலும் இல்லாதவரை விலக்குவதிலும் ஒரு சோதனையின் திறன் 90 விழுக்காடு எனவும் கொள்வோம். அச்சோதனை பத்துப் பேருள் ஒன்பது பேரைக் கண்டறியும். நலமுடைய 990 பேருள் 99 பேரையும் ஐயத்துக்குரியோர் எனக் காட்டும். ஆக 108 பெண்கள் அடுத்த சோதனைக்குச் செல்லவேண்டும். அந்த அடுத்த சோதனை சிறுநீரால் ஆவதன்று. கருப்பைவாயை நேரில் கண்டாக வேண்டும். தேவையெனில் திசு எடுத்தாக வேண்டும். விலக்கப்பட்டதாகக் கருதிய மேசையும் கருவியும் அங்கே மீண்டும் வருகின்றன. அதனோடு மலையிறங்கும் பயணமும், ஒருநாள் கூலி இழப்பும், உடன்வரும் துணையும், வீட்டில் விடும் குழந்தையும் சேர்கின்றன. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதால் மட்டும் இச்செலவுகள் நீங்குவதில்லை.

இந்த 108 பேரும் மலையிறங்கி வரவில்லையெனில் விளைவது என்ன? உண்மையில் மாற்றமுள்ள ஒன்பது பேர் சிகிச்சையின்றி இருப்பர். 99 பேர் தமக்குப் புற்றுநோய் இருக்கலாம் என்ற அச்சத்தோடு வாழ்வர். பாலுறவால் பரவும் தொற்று என்ற செய்தி கணவன்வீட்டில் எவ்வாறு பொருள்கொள்ளப்படும் என்பதும் எண்ணத்தக்கது. மாதிரி பெறுவது எளிதாகும்போது இவ்வகை இழப்புகள் மிகுதியான பெண்களிடம் பரவவும் கூடும். எளிய சோதனை, அடுத்த படிகள் ஆயத்தமாக இல்லாத இடத்தில், எளிதாகவே தீங்கும் தரலாம்.

ஆகவே ஜவ்வாது மலை போன்ற பகுதிகளில் சிறுநீர்ச் சோதனையை மதிப்பிட, ஆய்வகத் துல்லியத்துக்கு அப்பாலும் சில அளவுகோல்கள் வேண்டும். ஐயத்துக்குரியோர் எனக் காட்டப்பட்டவர்களுள் எத்தனை பேர் உறுதிப்படுத்தும் சோதனையைப் பெற்றனர்? எத்தனை நாள்களில்? மாற்றம் உறுதியானவர்களுள் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தனர்? கால்போஸ்கோப்பியும் உறைநிலை அல்லது வெப்பநிலைச் சிகிச்சையும் ஜமுனாமரத்தூரிலேயே குறிப்பிட்ட நாள்களில் கிடைக்குமா? பணிக்காக ஊர்விட்டுச் செல்லும் பெண்களைத் தொடரும் பதிவு உண்டா? திண்டுக்கல்லில் செவிலியரே ஊரக முகாமில் இப்பணிகளைச் செய்தனர் என்பதால், இவை எட்டாத எதிர்பார்ப்புகள் அல்ல.

முடிவுரை

தமிழகத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் முன்கண்டறிதலின் வரலாறு, சோதிக்கும் பணி கைமாறிய வரலாறாகும். உயிரணுவியல் வல்லுநரிடமிருந்து செவிலியருக்கும், செவிலியரிடமிருந்து பெண்ணுக்கும் அது வந்துள்ளது. கோஷா மருத்துவமனைக் காலம் முதல் நிலவிய முதல் தடையை இந்த மாற்றம் படிப்படியாகக் குறைத்தது. சிறுநீர்ச் சோதனை, குறிப்பாக அதன் மரபணு வழி, மாதிரி பெறும் அளவில் அத்தடையை ஏறத்தாழ முழுவதும் நீக்கவல்லது. வேதிக் குறியீடுகளின் வழி, புற்றுக்கு முந்தைய நிலையில் தன் திறனை நிறுவிய பின்னரே அந்த இடத்தைக் கோரமுடியும்.

இரண்டாவது தடையான தொலைவை எந்தச் சோதனையும் தானாக நீக்கியதில்லை. 2023இல் ஈரோடு, திருப்பூர், கன்னியாகுமரி, இராணிப்பேட்டை மாவட்டங்களில் தமிழக அரசு முறைப்படுத்திய புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியது. அத்தகைய திட்டங்கள் மலைப்பகுதிக்கு விரியும்போது, முதலில் அமைக்கவேண்டியது மாதிரி பெறும் ஏற்பாட்டையா, உறுதிப்படுத்திச் சிகிச்சை தரும் ஏற்பாட்டையா என்ற கேள்விக்குத் திண்டுக்கல் ஆய்வின் எண்களே விடை தருகின்றன. பின்னது அமைந்த பிறகே முன்னது பயன் தரும்.

தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்ற வாய்மொழி மரபு மலையாளி மக்களிடம் உண்டு. அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இன்று அதே காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ளது. மலையில் ஒரு குவளைச் சிறுநீரைத் தந்த பெண், தேவைப்படும்போது அந்த மருத்துவமனையை உரிய காலத்தில் அடைந்து, நலம்பெற்றுத் தன் ஊருக்குத் திரும்பினாள் என்பது பதிவேட்டில் இடம்பெறும்போதே இச்சோதனையின் பயன் மெய்ப்பிக்கப்படும்.